தெரியாத வரைக்கும்

ஐம்புலன்களில் மூக்குக்குத்தான் மரியாதை குறைவு என்பது என் அபிப்பிராயம். கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய் என்று பழமொழி சொன்னவர்கள் மூக்கைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பொய் என்று தள்ளுவதற்குக்கூட அதை ஒரு பொருட்டாக நினைக்கவில்லை. கோர்ட்டில் கண்ணால் கண்ட சாட்சி உண்டு. மூக்கால் முகர்ந்தவனைக் கூண்டில் ஏற்றியதாக நான் கேள்விப்பட்டதில்லை. ஆனால் போன வருஷம் சித்திரை மாதம் என்னைக் கூண்டில் ஏற்றியது ஒரு மூக்குத்தான். அதுவும் என் மூக்கு அல்ல.

எங்கள் வீட்டில் ஒரு பழைய கார் இருந்தது. 1984-ஆம் வருஷம் என் தகப்பனார் வாங்கியது. இப்போது ஓடும் வண்டிகளைப் போல எல்லாவற்றையும் உள்ளே மூடி வைத்துக்கொண்டு மௌனம் சாதிக்கிற வண்டி அல்ல. பானெட்டைத் தூக்கினால் கார்பரேட்டர், பம்ப், குழாய் எல்லாம் கூட்டுக் குடும்பம்போல் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும். அப்பா 2022-இல் காலமானார். அதற்குப் பிறகு வண்டியை மாதம் ஒரு முறை ஸ்டார்ட் செய்து, தெருக்கோடி வரை ஓட்டி, மறுபடி ஷெட்டில் விடுவதே எனக்குக் கடமையாகிப் போயிற்று. அந்தக் கடமையில் பக்தி இருந்ததே தவிர உபயோகம் இல்லை. விற்றுவிடலாம் என்று முடிவு செய்தேன்.

முடிவு செய்த வாரத்தில் என் மனைவி சொன்னாள்: "என்னங்க, ஷெட்டுப் பக்கம் போனா பெட்ரோல் நெடி தாங்கலை."

நான் போய் நின்று பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. "பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்" என்றேன். தெரியவில்லை என்று நான் சொன்னது பொய் அல்ல. நம்முடைய மூக்கு இருக்கிற வாசனையைச் சொல்வதற்காக ஏற்பட்டதல்ல; புதிதாக வருகிற வாசனையைச் சொல்வதற்காகவே ஏற்பட்டது. எந்த நெடியும் சில நிமிஷங்கள் தொடர்ந்தால் மூக்கு அதைப் பழகிக்கொண்டு பேசாமல் இருந்துவிடுகிறது. நம் வீட்டு வாசனை நமக்குத் தெரியாது, விருந்தாளிக்குத்தான் தெரியும். நம் குடும்பத்துக் குற்றமும் அப்படித்தான் என்று சொன்னால் வாசகர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்று நம்புகிறேன். பிறர் குற்றத்தைப் பார்ப்பதுபோல் தன் குற்றத்தைப் பார்க்க முடிந்தால் உயிர்களுக்குத் தீங்கு ஏது என்று கேட்டார் வள்ளுவர். பார்ப்பது கஷ்டம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. முகர்வது அதைவிடக் கஷ்டம்.

புரோக்கர் ஒருவர் ஓர் இளைஞரை அழைத்து வந்தார். பள்ளிக்கூட ஆசிரியர். பழைய வண்டி என்றால் உயிர். வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, கதவைத் திறந்து மூடி, அந்தச் சத்தத்தைக் கேட்டுச் சிறு பிள்ளைபோல் சிரித்தார். இரண்டு வயதில் ஒரு பெண் குழந்தை இருப்பதாகவும், வண்டி கைக்கு வந்ததும் முதல் பிரயாணமாகப் பழனிக்குக் குழந்தையை அழைத்துப் போய் முடியிறக்கப் போவதாகவும் சொன்னார். 10,000 ரூபாய் முன்பணம் கொடுத்துவிட்டுப் போனார்.

அவர் போன பிறகு புரோக்கர் என்னைத் தனியே அழைத்தார்.

"சார், வண்டியில லேசா பெட்ரோல் வாடை அடிக்குது. டெலிவரி அன்னிக்கு டேங்கை ரொப்பிடாதீங்க. கால் டேங்க் போதும். காலையிலேயே நாலு கண்ணாடியையும் இறக்கி விட்டுடுங்க. உள்ளே ஒரு சென்ட் டப்பா வச்சிடலாம்."

"எங்கிருந்து வருகிறதென்று மெக்கானிக்கிடம் காட்டிவிடலாமே?" என்றேன்.

"எதுக்கு சார்? காட்டினா ஏதாவது சொல்வான். சொன்னா அப்புறம் நீங்க அவர்கிட்ட சொல்லணும். தெரியாத வரைக்கும் தப்பு இல்லை சார்."

அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் வெகு சாதாரணமாகச் சொன்னார். அதில் உள்ள தர்க்கத்தை அன்று இரவு படுக்கையில் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். குற்றம் எங்கே தொடங்குகிறது? தெரிந்து மறைப்பதில் தொடங்குகிறது என்று எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். அப்படியானால், தெரிந்துகொள்ளாமலே இருந்துவிட்டால்? தேடாதவனுக்கு ஒன்றும் அகப்படாது; அகப்படாதவனுக்கு மறைக்க ஒன்றும் இல்லை; மறைக்காதவன் யோக்கியன். சங்கிலியில் ஒரு கண்ணிகூட அறுந்ததாகத் தெரியவில்லை. ஆனால் முழுச் சங்கிலியையும் தூக்கிப் பார்த்தால் அது ஒரு குழந்தையின் கழுத்தில் போய் விழுகிறது.

மறுநாள் வக்கீல் சிநேகிதர் ஒருவரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே ஒரு குதிரைக் கதை சொன்னார். 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில் உதாரணமாகவே வருகிற குதிரை அது. ஒருவன் தன் குதிரையை ஏலத்தில் விற்கிறான். குதிரைக்கு ஊனம் இருப்பது அவனுக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை. சட்டம் இதை மோசடி என்று சொல்வதில்லை. வெறும் மௌனம் மோசடி ஆகாது. ஆனால் அந்தக் குதிரையை வாங்குகிறவள் அவனுடைய மகளாக, அப்போதுதான் மேஜரான மகளாக இருந்தால், சொல்ல வேண்டிய கடமை அவனுக்கு வந்துவிடுகிறது. இன்னொரு உதாரணமும் உண்டு. "நீ மறுக்காவிட்டால் குதிரை நன்றாக இருக்கிறதென்றே எடுத்துக்கொள்வேன்" என்று வாங்குகிறவன் சொல்லி, விற்கிறவன் பேசாமல் நின்றால், அந்த மௌனம் பேச்சுக்குச் சமானம்.

"உங்க வாத்தியார் அப்படி ஏதாவது கேட்டாரா?" என்றார் வக்கீல்.

"கேட்கவில்லை."

"அப்புறம் என்ன? நீங்கள் விற்பது காரே தவிர குதிரைகூட இல்லை."

நான் எழுந்து வந்துவிட்டேன். சட்டம் சரியாகத்தான் கேட்கிறது: வாங்குகிறவள் உன் மகளா என்று. சட்டத்துக்கு அதற்குமேல் கேட்க அதிகாரம் இல்லை. பின் சீட்டில் உட்காரப் போகிற குழந்தை யாரோ ஒருவனுடைய மகள் என்பது சட்டத்துக்கு வேண்டாத சமாசாரம்; எனக்கு வேண்டாத சமாசாரம் என்று நான் சொல்லிவிட முடியுமா?

கல்லூரியில் நான் படித்தது இரண்டே வருஷம். அந்த இரண்டு வருஷத்தில் பாடப் புத்தகங்களைவிட நூலகத்துப் புத்தகங்களோடுதான் அதிக சிநேகம். அங்கே படித்த ஒரு கட்டுரை அன்று ஞாபகத்துக்கு வந்தது. வில்லியம் கிங்டன் கிளிஃபோர்ட் என்ற ஆங்கிலேய கணித மேதை 1877-இல் எழுதியது. நம்பிக்கைக்கும் தர்மம் உண்டு என்பது அதன் சாரம். அதில் ஒரு கப்பல் முதலாளி வருகிறார். கப்பல் பழசு, பல தடவை பழுது பார்த்தது. வெளிநாட்டில் குடியேறப் போகும் குடும்பங்களை ஏற்றிக்கொண்டு கிளம்ப இருக்கிறது. இது கடலைத் தாங்குமா என்று அவருக்கே ஒரு சந்தேகம் உறுத்துகிறது. முழுக்கச் சோதித்துச் சீர் செய்தால் செலவு. எத்தனையோ புயலைக் கடந்து வந்த கப்பல்தானே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொள்கிறார். கடவுள் காப்பாற்றுவார் என்கிறார். மெல்ல மெல்ல அந்தச் சமாதானத்தை மனப்பூர்வமாக நம்பியே விடுகிறார். கப்பல் நடுக்கடலில் மூழ்குகிறது. அவர் இன்ஷூரன்ஸ் பணத்தை வாங்கிக்கொண்டு வாய் திறக்காமல் இருந்துவிடுகிறார்.

முதலாளி பொய் சொல்லவில்லை, உண்மையாகவே நம்பினார். ஆனால் அப்படி நம்ப அவருக்கு உரிமை இல்லை என்கிறார் கிளிஃபோர்ட். விசாரித்துப் பெற்ற நம்பிக்கை அல்ல அது. சந்தேகத்தை அமுக்கிப் பெற்ற நம்பிக்கை. இன்னும் ஒரு படி மேலே போகிறார். அந்தக் கப்பல் மூழ்காமல் பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருந்தாலும் முதலாளியின் குற்றம் ஓர் அணுவும் குறையாது. அகப்படாமல் தப்பினார் என்றுதான் அர்த்தம்.

கல்லூரியில் படித்தபோது இந்தக் கடைசி வார்த்தை எனக்குக் கொஞ்சம் அதிகப்படியாகத் தோன்றியது. இப்போது கைக்கெட்டும் தூரத்தில் என் கப்பல் நின்றுகொண்டிருந்தது. வண்டியை எடுத்துக்கொண்டு பாய் ஒர்க் ஷாப்புக்குப் போனேன்.

பாய்க்கு அறுபதைத் தாண்டிவிட்டது. பையனாக இருந்தபோதே கையில் ஸ்பேனர் பிடித்தவர். விஷயத்தைச் சொன்னதும் அவர் பானெட்டைத் திறக்கவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு என்னை உட்கார வைத்தார்.

"எங்கேருந்து வருதுன்னு கேக்காதீங்க சார். எப்ப வருதுன்னு சொல்லுங்க."

எனக்குப் புரியவில்லை. அவர் விளக்கினார். காலையில் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்யும்போது வந்தால் ஒரு காரணம். ஓட்டி வந்து நிறுத்திய பிறகு வந்தால் வேறு காரணம்: எஞ்சின் சூடு கார்பரேட்டருக்கு ஏறி அங்கே தங்கியிருக்கிற பெட்ரோல் கொதித்து ஆவியாகும். டேங்க் நிறைந்திருக்கும்போது மட்டும் வந்தால் மேலே எங்கோ ஓட்டை. எப்போதும் வந்தால் கீழே எங்கோ ஓட்டை. வளைவில் திரும்பும்போது வந்தால் பெட்ரோல் அலைந்து தளும்பி ஓர் இடத்தைத் தொடுகிறது என்று அர்த்தம். "மூக்கை நம்பி இடத்தைத் தேடினா அது சுத்தி விட்டுடும் சார்" என்றார்.

வாஸ்தவம். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. புகைபோல மேலே போகாது. தண்ணீர்போல் கீழே இறங்கித் தரையோடு ஊர்ந்து, பள்ளத்தில் போய்த் தேங்கும். கசிவது ஓர் இடம், நெடி வீசுவது வேறு இடம். பெட்ரோலுக்குத் தீப்பற்ற வெயில்கூட வேண்டாம்; பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 40 டிகிரிக் குளிரிலும் அதன் ஆவி நெருப்பை ஏற்கும். காற்றில் நூற்றுக்கு 1.4 பங்கு கலந்தாலே போதும், பொறி ஒன்றுதான் பாக்கி. அதனால்தான் பாய் முதல் வேலையாக பாட்டரி ஒயரைக் கழற்றினார். வண்டியைப் பள்ளத்தின் மேல் ஏற்றவில்லை. வெட்டவெளியில் நிறுத்தினார். பக்கத்துக் கடைக்காரர் ஒருவர் பீடியோடு எட்டிப் பார்த்தார், அவரை விரட்டினார்.

பிறகு ஒரு காரியம் செய்தார். மூலையில் பஞ்சரான ட்யூபைத் தேய்த்துக்கொண்டிருந்த ஒரு பையனைக் கூப்பிட்டார். பதினெட்டு, பத்தொன்பது வயசு. வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்தான் ஆகிறதாம்.

"டேய், வண்டியைச் சுத்தி வா. எங்க ஜாஸ்தியா அடிக்குதுன்னு சொல்லு." என்னைப் பார்த்து, "என் மூக்கு போயிடுச்சு சார். நாப்பது வருசம் பெட்ரோல்லயே கை கழுவினவன். இவன் மூக்கு இன்னும் ஒரு ஆறு மாசம் தாங்கும்" என்றார்.

தொழிலில் மகா நிபுணர். தொழிலுக்கு வேண்டிய மூக்கை அந்தத் தொழிலே தின்றுவிட்டது. ஆனால் அதை அவர் அறிந்திருந்தார். அறிந்து, நேற்று வந்த ஒரு பையனின் மூக்குக்கு முன் தன் நாற்பது வருஷ அனுபவத்தை நிறுத்தி வைத்துக் காத்திருந்தார். எங்களைப் போன்ற எழுத்தாளர்களுக்கும், பெரிய உத்தியோகஸ்தர்களுக்கும், வீட்டுப் பெரியவர்களுக்கும் இந்தப் பணிவு வருவது சுலபமல்ல. "எனக்குத் தெரியாத நெடியா உனக்குத் தெரிந்துவிட்டது?" என்றுதான் கேட்போம். நானும் என் மனைவியிடம் அதைத்தானே வேறு வார்த்தைகளில் கேட்டேன்?

பையன் எஞ்சின் பக்கம் என்றான். பானெட் திறந்தது. பாய் ஆயில் அளக்கிற கம்பியை உருவி அவன் மூக்கருகில் நீட்டினார். பம்பின் டயாபிரம் கிழிந்திருந்தால் பெட்ரோல் எஞ்சின் ஆயிலில் இறங்கியிருக்கும்; ஆயில் காட்டிக்கொடுத்துவிடும். அங்கே நெடி இல்லை. கார்பரேட்டரின் ஓரத்தில் ஈரம் இருந்தது. உள்ளே மிதக்கிற ப்ளோட் மேலே வந்ததும் ஓர் ஊசி வால்வு பெட்ரோல் வருவதை மூட வேண்டும். அந்த ஊசி தேய்ந்துபோய்ச் சரியாக உட்காரவில்லை. ஊசியை மாற்றினார். அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. பழைய ஊசியைக் காகிதத்தில் மடித்து என்னிடம் கொடுத்தார். எனக்குப் பரம திருப்தி. குற்றவாளியைக் கையோடு பிடித்து வந்த போலீஸ்காரனைப்போல் வீடு திரும்பினேன்.

மூன்றாம் நாள் மனைவி சொன்னாள்: "இன்னும் இருக்குங்க."

இந்தத் தடவை எனக்கு வந்தது கோபம். அந்தக் கோபத்தைப் பிறகு யோசித்துப் பார்த்தேன். ஒரு குற்றம் அகப்பட்டதும் தேடுவதை நிறுத்திவிடத்தான் நமக்கு ஆசை. அதுவும் சுலபமான குற்றமாக, செலவு குறைந்த குற்றமாக இருந்தால் அதையே முழுக் குற்றமாக ஒப்புக்கொண்டு மனச்சாட்சிக்கு ரசீது வாங்கிக்கொள்கிறோம். "எனக்குக் கொஞ்சம் முன்கோபம் உண்டு" என்று ஒருவர் தாமாக முன்வந்து சொல்கிறார் என்றால், வேறு எதையோ பற்றி நாம் கேட்காமல் இருக்க வேண்டும் என்று விரும்புகிறார் என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். அந்தத் தேய்ந்த ஊசி என்னுடைய முன்கோபம்.

கோபம் தணிந்த பிறகு வேறொரு ஞாபகம் வந்தது. மெக்ஸிகோ தேசத்தில் குவாதலஹாரா என்று ஒரு பெரிய நகரம். 1992-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம், அங்கே ஒரு பகுதியில் சாக்கடை மூடிகளிலிருந்து பெட்ரோல் நெடி வருவதாக மக்கள் சொன்னார்கள். ஒரு நாள் அல்ல, சில நாட்கள் சொன்னார்கள். நகராட்சி ஆட்கள் வந்து சோதித்தார்கள். ஆவி அபாயமான அளவில் இருப்பதும் தெரிந்தது. ஆனாலும் மக்களை வெளியேற்றத் தேவையில்லை என்று முடிவு செய்தார்கள். ஏப்ரல் 22-ஆம் தேதி காலை 10 மணிக்குத் தெருக்கள் வரிசையாக வெடித்துப் பிளந்தன. 200 பேருக்கு மேல் மாண்டார்கள். பூமிக்கடியில் பெட்ரோல் குழாயை ஒட்டிப் புதிதாகப் போட்ட துத்தநாகம் பூசிய தண்ணீர்க் குழாய், ஈரத்தில் இரண்டு உலோகங்களும் சேர்ந்து உண்டாக்கிய அரிப்பு, அதனால் விழுந்த ஒரு துளை, அது வழியே சாக்கடைக்கு இறங்கிய பெட்ரோல் என்று பிறகு காரணம் கண்டுபிடித்தார்கள். பிறகு! மூக்குகள் முன்னாலேயே சொல்லிவிட்டன. சொன்னவை சாதாரண மூக்குகள் என்பதுதான் குறை.

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாகாணத்து நியூ லண்டன் என்ற ஊரில் 1937 மார்ச் 18-ஆம் தேதி ஒரு பள்ளிக்கூடம் வெடித்தது. சுமார் 300 பேர், பெரும்பாலும் குழந்தைகள், இறந்தார்கள். கசிந்தது இயற்கை எரிவாயு. அதற்கு வாசனையே கிடையாது; அதனால் யாருக்கும் தெரியவில்லை. அதற்குப் பிறகுதான் எரிவாயுவில் வேண்டுமென்றே ஒரு துர்நாற்றத்தைக் கலக்கச் சட்டம் செய்தார்கள். நம் வீட்டு காஸ் சிலிண்டர் கசிந்தால் குமட்டுகிறதே, அது வாயுவின் நாற்றம் அல்ல. மனிதன் சேர்த்த எச்சரிக்கை. ஆக, நாற்றம் ஒரு பாக்கியம். அதை விலை கொடுத்து வாங்கிச் சேர்க்கிறோம். பெட்ரோலில் அது இனாமாகவே கிடைக்கிறது. அதைத்தான் சென்ட் டப்பா வைத்து மூடச் சொன்னார் புரோக்கர்.

மறுபடி பாயிடம் போனேன். "டேங்கை ரொப்பிக்கிட்டு வாங்க" என்றார். புரோக்கர் செய்யாதே என்றதையே இவர் செய் என்றார். உண்மையைத் தேடுகிறவனுக்கும் மறைக்கிறவனுக்கும் உள்ள வித்தியாசம் அந்த ஒரு உத்தரவில் அடங்கிவிட்டது. ரொப்பிக்கொண்டு போனேன். வழியில் ஒரு வளைவில் எனக்கே நெடி அடித்தது.

இந்தத் தடவை பையன் முன்பக்கம் போகவே இல்லை. டிக்கி என்றான். ஸ்டெப்னியை இறக்கினார்கள். பின்னால் மூலையை மூடியிருந்த அட்டையை உருவினார்கள். பெட்ரோல் ஊற்றுகிற வாயிலிருந்து டேங்குக்குப் போகும் கழுத்து ரப்பர் ஹோஸ் அங்கே இருந்தது. மேலே பார்த்தால் ஒரு பழுதும் இல்லை. பாய் கீழ்ப்பக்கமாக விரலை விட்டுத் துழாவினார். முகம் மாறியது. விரலில் மஞ்சளாக ஏதோ ஒட்டியிருந்தது.

"சோப்பு சார். யாரோ வெடிப்புல பார் சோப்பை அடைச்சு, துணி சுத்தி, கம்பி கட்டியிருக்காங்க. அதும் விட்டுப் போச்சு. ரப்பரும் கல்லாயிடுச்சு. இப்ப வர்ற பெட்ரோல்ல எத்தனால் வேற. பழைய ரப்பருக்கு அது ஆகாது."

2023-இலிருந்து 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் நம் பங்குகளுக்கு வரத் தொடங்கியது. பழைய காலத்து ரப்பர்கள் சில அதில் உப்பி வீணாகும் என்பது நானும் படித்ததுதான். ஆனால் நான் அதையெல்லாம் அப்போது கேட்கவில்லை. கம்பியை வெட்டி பாய் வெளியே எடுத்துப் போட்ட துணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கறுத்துப் போயிருந்தது. ஓரத்தில் மட்டும் கொஞ்சம் பச்சைக் கரை தெரிந்தது.

அப்பாவுடைய துண்டு.

எல்லாம் ஒரு கணத்தில் திரும்பி வந்தது. 2019-ஆம் வருஷம். காரைக்குடியில் ஒரு கல்யாணம். திரும்பும்போது டேங்கை ரொப்பிக்கொண்டு கிளம்பினேன். திருமயத்துக்கு அருகில் நெடி தாங்காமல் வண்டியை நிறுத்தினேன். வழியோரத்தில் லாரிகளுக்கு வேலை செய்கிற ஒருவர் டிக்கியில் புகுந்து பார்த்தார். சோப்பு வைத்து அடைத்தார். பெட்ரோலில் சோப்பு கரையாது என்பது அவர்களுக்குத் தெரிந்த வித்தை. கட்டுவதற்குத் துணி கேட்டார். பின் சீட்டில் கிடந்த அப்பாவின் துண்டை நான்தான் கிழித்துக் கொடுத்தேன். "ஒரு வாரத்துக்குள்ள ஹோஸை மாத்திடுங்க" என்று அவர் சொன்னார். சரி என்றேன்.

"யாரோ" என்று பாய் சொன்னார். அந்த ஒரு சொல் எனக்கு ஒரு வாசலைத் திறந்து வைத்திருந்தது. பேசாமல் அதற்குள் நுழைந்துகொண்டிருக்கலாம். உள்ளே நுழையக் கால் எழுந்ததும் உண்மை.

"நான்தான் பாய்" என்றேன்.

"மறந்திருப்பீங்க சார்" என்றார் அவர்.

மறதி என்றால் அது கர்மம் அல்ல, காலத்தின் செயல் என்று ஒதுக்கிவிடுகிறோம். ஆனால் அதே 2019-இல் என்னிடம் 300 ரூபாய் கைமாற்று வாங்கித் திருப்பித் தராத ஆசாமியை நான் மறக்கவில்லை. அதே கல்யாணத்தில் என் நாவலைக் குறைத்துப் பேசியவரின் சட்டை நிறம்கூட எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஆகவே என் ஞாபகசக்தியில் குறை இல்லை. அது கணக்கப்பிள்ளைபோல் வரவை எழுதிக்கொண்டு பற்றை அழித்துவிட்டது. தெரியாத வரைக்கும் தப்பு இல்லை என்று புரோக்கர் சொன்னபோது, நான் தெரியாதவன் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்? எனக்குத் தெரிந்தே இருந்தது. தெரிந்ததை மறந்து, மறந்ததையே தெரியாதது என்று பெயர் மாற்றி வைத்திருந்தேன்.

இன்னொன்றும் இருக்கிறது. எழுதாமல் விட்டுவிடலாம் என்று இரண்டு நாள் யோசித்தேன். 2021-இல் அப்பாவை அடிக்கடி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டியிருந்தது. அவருக்குக் குளிர் ஆகாது. எல்லாக் கண்ணாடியையும் ஏற்றிவிட்டுத்தான் ஓட்டுவேன். ஒரு நாள் பின் சீட்டிலிருந்து, "பெட்ரோல் வாடை வருதுடா" என்றார். "உங்களுக்கு மருந்து சாப்பிட்டு நாக்கும் மூக்கும் மாறியிருக்குப்பா" என்றேன். அவர் மறுபடி சொல்லவில்லை. நோயாளியின் மூக்கு, கிழவரின் மூக்கு, பெண்ணின் மூக்கு, நேற்று வந்த பையனின் மூக்கு. நாம் நம்பாத மூக்குகளைப் பட்டியல் போட்டால் நம்முடையது ஒன்றுதான் பாக்கி நிற்கும். அதுவோ பழகிப்போன மூக்கு.

இதற்கு வாசகர்கள் ஓர் ஆட்சேபம் சொல்லலாம். இப்படி ஒவ்வொன்றையும் தோண்டிக்கொண்டிருந்தால் வாழ்க்கை நடக்குமா? எந்த வீட்டை விற்றாலும் அஸ்திவாரம் வரை தோண்டிக் காட்ட வேண்டுமா? நியாயமான கேள்வி. எனக்குத் தோன்றுவது இது. தேடுகிற கடமை எல்லா இடத்திலும் எல்லா நேரத்திலும் இல்லை. ஆனால் மூன்று காரியங்கள் ஒன்று சேரும்போது அது வந்துவிடுகிறது. முதலாவது, ஏற்கெனவே ஒரு நெடி அடித்திருக்க வேண்டும். அதாவது சந்தேகத்துக்கு ஓர் இடம் உண்டாகியிருக்க வேண்டும். இரண்டாவது, நாம் தேடாவிட்டால் அதன் பலனை அனுபவிப்பது நாமாக இல்லாமல், சோதித்துப் பார்க்க வசதியோ வயதோ இல்லாத வேறொருவராக இருக்க வேண்டும். மூன்றாவது, தேடுவதற்கு ஆகிற செலவு, தேடாததால் வரக்கூடிய நஷ்டத்துக்கு முன்னால் அற்பமாக இருக்க வேண்டும். புது ஹோஸும் இரண்டு கிளிப்பும் கூலியும் சேர்ந்து ஆயிரம் ரூபாய் ஆகவில்லை. கிளிஃபோர்டின் முதலாளிக்காவது செலவு பெரிது என்ற சாக்கு இருந்தது. எனக்கு அதுவும் இல்லை.

ஆசிரியருக்குப் போன் செய்து வரச் சொன்னேன். ஊசியையும் பழைய ஹோஸையும் துணியையும் மேஜைமேல் வைத்து நடந்ததைச் சொன்னேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த புரோக்கர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆசிரியர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு சொன்னது நான் எதிர்பாராதது.

"அன்னிக்கே எனக்கு வாடை வந்தது சார். கேக்கணும்னு நினைச்சேன். கேட்டு நீங்க ஏதாவது சொல்லிட்டா வண்டி வேண்டாம்னு வீட்டில சொல்லிடுவாங்க. வண்டி மேல ஆசை. அதனால கேக்கலை."

ஆக, அந்த நெடியைப் பற்றி ஷெட்டில் நின்ற மூன்று பேருக்கும் ஏதோ ஒரு விதத்தில் தெரிந்திருந்தது. விற்கிறவன் விலைக்காகத் தேடவில்லை. தரகர் கமிஷனுக்காக மூடினார். வாங்குகிறவர் ஆசைக்காகக் கேட்கவில்லை. யாரும் பொய் சொல்லாமலே ஒரு பொய் அங்கே உருவாகி நின்றது. அதை நம்பிப் பின் சீட்டில் ஏற வேண்டியவள் ஒருத்திதான். அவளுக்கு வயது இரண்டு. உலகத்தில் பல பெரிய அநியாயங்கள் இந்த மாதிரிதான் நடக்கின்றன என்று எனக்கு அன்று தோன்றியது. கெட்டவன் ஒருவன் திட்டம் போட்டுச் செய்வதல்ல. நல்லவர்கள் நாலு பேர் தங்கள் தங்கள் காரணத்துக்காக மூக்கைத் திருப்பிக்கொள்வதுதான்.

வண்டியை ஒரு வாரம் அவரிடமே விட்டு, டேங்கை ரொப்பி ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியோடும் குழந்தையோடும் வந்தார். அந்தப் பெண் கதவைத் திறந்து, தலையை உள்ளே நீட்டி, கண்ணை மூடி இரண்டு முறை மூச்சை இழுத்துப் பார்த்தாள். பிறகுதான் குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டு ஏறினாள். புரோக்கருக்கு அது அவமானமாக இருந்திருக்கும். எனக்கு அவளைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்போல் இருந்தது.

பழனிக்குப் போய் வந்து பிரசாதம் கொண்டு வந்து கொடுத்தார்கள். கிளிஃபோர்ட் சொன்னது ஞாபகம் வந்தது: பத்திரமாகப் போய் வந்ததால் என் கணக்கு ஒன்றும் மாறிவிடாது. அப்பாவிடம் நான் சொன்ன பதிலை இனி யாரிடம் போய்த் திருத்துவது?

ஷெட் இப்போது காலி. சில நாள் இரவில் அந்தப் பக்கம் போனால் எனக்குப் பெட்ரோல் நெடி வருவதுபோல் இருக்கிறது. போன வாரம் மனைவியைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவள் நின்று முகர்ந்து பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்லைங்க" என்றாள்.

இந்தத் தடவை அவள் சொன்னதை நம்பினேன்.